இரண்டு குழல், ஒரே விசை: பழைய துப்பாக்கிகளின் ஒற்றை விசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் உள்ளமைப்பைப் பற்றி எங்கே பேசினாலும், பேச்சு முடிந்ததும் நாலைந்து பேர் வந்து கேட்பது பெரும்பாலும் ஒற்றை விசையைப் பற்றித்தான். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். அவற்றை ஓரிடத்தில் சேர்த்துவிடலாம் என்று இதை எழுதினேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

இங்கே பேசப்படுவது ரவைத் தோட்டா போடும், நடுவில் மடித்துத் திறக்கும் பழைய துப்பாக்கிகள். பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1890 முதல் 1940 வரை செய்யப்பட்டவை. விசை என்று நான் எழுதுவது ட்ரிக்கரை.

குழல் ரெண்டு இருக்கு, ட்ரிக்கர் ஒண்ணுதான் இருக்கு. எந்தக் குழல் வெடிக்கும்னு யாரு முடிவு பண்றது?

உள்ளே இருக்கும் ஒரு சின்ன உறுப்பு முடிவு செய்கிறது. ஒவ்வொரு குழலுக்கும் தனிச் சுத்தியல் உண்டு. துப்பாக்கியை மடித்துத் திறக்கும்போது இரண்டு சுத்தியலும் பின்னுக்கு இழுக்கப்பட்டு, ஆளுக்கொரு கொக்கியில் மாட்டி நிற்கும். கொக்கி நழுவினால் சுத்தியல் பாயும், தோட்டா வெடிக்கும். இரண்டு விசை உள்ள துப்பாக்கியில் முன்விசை வலக் குழலின் கொக்கியையும், பின்விசை இடக் குழலின் கொக்கியையும் தூக்கிவிடும். ஆளுக்கொரு வேலை, குழப்பமே இல்லை.

ஒற்றை விசையில் ஒரே விசை முதலில் ஒரு கொக்கியைத் தூக்க வேண்டும். பிறகு தானாக நகர்ந்து மற்றக் கொக்கியின் அடியில் போய் நிற்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. இந்த நகர்வை ஒழுங்காக நடத்திக் காட்டுவதற்குத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

ரெண்டு ட்ரிக்கர் இருந்தப்ப என்ன குறை? நல்லாத்தானே வேலை செஞ்சுது?

நன்றாகத்தான் வேலை செய்தது, இன்றைக்கும் செய்கிறது. ஆனால் குறை சொல்ல இடமிருந்தது. இரண்டு விசைக்கும் நடுவில் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளி உண்டு. தோளில் வைக்கும் பின்கட்டையை, விசையிலிருந்து அதன் அடிவரை, வாங்குபவரின் கை நீளத்துக்கு அளந்து செய்பவர்கள், கால் அங்குல வித்தியாசத்தைக்கூடப் பெரிதாக எண்ணுவார்கள். அப்படி அளந்து செய்த கட்டை, முதல் வெடிக்கு ஒரு நீளமாகவும் இரண்டாவது வெடிக்கு ஓர் அங்குலம் குறைந்ததாகவும் ஆகிவிடுகிறது. ஒற்றை விசையை விற்றவர்கள் எடுத்துவைத்த முதல் வாதம் இது.

இரண்டாவது, விரலில் படும் அடி. பின்விசையை அழுத்தும்போது முன்விசை விரலின் முன்புறத்தில் நிற்கிறது. துப்பாக்கி உதைக்கும்போது அது விரலில் மோதிக் காயப்படுத்தும். இதற்காகவே முன்விசையைக் கீல் வைத்து, முன்பக்கமாக மடங்கும்படி செய்தார்கள். மூன்றாவது, குளிர். தடித்த கையுறை போட்ட விரலை ஒரு விசையிலிருந்து எடுத்து இன்னொரு விசையில் வைப்பது இங்கிலாந்தின் ஜனவரி மாதத்தில் சாதாரண வேலை இல்லை.

இது எந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு?

பலர் நினைப்பதைவிடப் பழையது. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி உண்டாக்கிச் சுட்ட காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இரட்டைக் குழல் கைத்துப்பாக்கிகளில் ஒற்றை விசை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எண்ணம் புதிதல்ல. நம்பிச் சுடக்கூடிய ஒன்று கிடைக்கத்தான் 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஏன் 1890களில் எல்லோரும் திடீரென்று இதன் பின்னால் ஓடினார்கள்?

மற்ற வேலைகள் முடிந்துவிட்டதால்தான் என்று நினைக்கிறேன். 1875இல் பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஆன்சனும் ஜான் டீலியும், குழலைக் கீழே மடிக்கும்போதே சுத்தியல் தானாகப் பின்னேறும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்த சுத்தியல் அதோடு உள்ளே போய்விட்டது. 1880இல் ஃபிரடெரிக் பீஸ்லி வடிவமைத்த, துப்பாக்கி தானாகத் திறந்துகொள்ளும் அமைப்பு லண்டனின் பர்டி துப்பாக்கி நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெடித்த தோட்டாவின் கூட்டைத் தானாக வெளியே எறியும் வசதியும் அந்தக் காலத்தில் தேறிவிட்டது. துப்பாக்கியில் மனிதக் கை செய்ய வேண்டியிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. விரலை ஒரு விசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது மட்டும் மிச்சமிருந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பணக்காரர்களிடம் பறவைகளை விரட்டிவிட்டுச் சுடும் பழக்கம் உச்சத்தில் இருந்தது. ஆட்கள் புதரைத் தட்டிக்கொண்டே வருவார்கள், பறவைகள் கூட்டமாக எழும்பித் தலைக்கு மேல் பறக்கும். நாடிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாப் அரசர் துலீப் சிங், எல்வடன் பண்ணையில் 1876இல் ஒரே நாளில் 789 கவுதாரிகளைச் சுட்டார் என்பது அன்றைக்குப் பெருமையாகச் சொல்லப்பட்ட கணக்கு. இன்று படித்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அரை வினாடி மிச்சமானாலும் போதும் என்று காசைக் கொட்டத் தயாராக இருந்தவர்கள் யார் என்பது இதிலிருந்து புரியும். காப்புரிமைகள் டஜன் கணக்கில் குவிந்ததற்கு அவர்களின் பணமே காரணம்.

ஒற்றை விசை வைத்தால் இரண்டு குழலும் சேர்ந்தே வெடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் முழு உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

அந்தக் காலத்துக் கைவினைஞர் ஒருவர் ஒற்றை விசை ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் தோட்டா இல்லாமல் அழுத்திப் பார்க்கிறார். முதல் அழுத்தலில் வலச் சுத்தியல் விழுகிறது, விரலை எடுத்து மறுபடி அழுத்தினால் இடச் சுத்தியல் விழுகிறது. நூறு தடவை செய்தாலும் பிசகவில்லை. அதே துப்பாக்கியை வெளியே எடுத்துப்போய்த் தோட்டா போட்டுச் சுட்டால், ஒரே அழுத்தலில் இரண்டு குழலும் வெடித்து ஆளைப் பின்னால் தள்ளுகிறது. திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே எந்தப் பழுதும் இல்லை. கொக்கி தேய்ந்திருக்கிறதா, வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருக்கிறதா என்று இரும்பையே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தப்பு இரும்பில் இல்லை, சுடுபவரின் விரலில் இருந்தது.

நடப்பது இதுதான். வெடித்தவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. விசையும் அதோடு சேர்ந்து பின்னால் போகிறது. விரல் அந்த வேகத்துக்கு வர முடியாமல் பின்தங்குகிறது. அதனால் விசைக்கும் விரலுக்கும் இடையே தொடர்பு அறுந்து, விரலை எடுத்துவிட்டது போலவே ஆகிறது. அடுத்த கணம் கட்டை தோளில் முட்டி நிற்கிறது. விரலின் தசை இன்னும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அது விசையை எட்டிப் பிடித்து மறுபடி அழுத்திவிடுகிறது. அழுத்தல், விடுதல், மறு அழுத்தல் மூன்றும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகின்றன. சுட்டவர் 'ஒரு தடவைதான் அழுத்தினேன்' என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

என் விரல் எனக்குத் தெரியாமல் இரண்டாவது தடவை அழுத்துகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

நம்பாதவர்கள் அன்றும் நிறைய. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைவதற்கே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். உதை கிளம்பித் தோளில் வந்து நிற்பது அதற்கு முன்பே முடிந்துவிடும். 'நிறுத்து' என்று மூளை சொல்வதற்குள் விரல் வேலையை முடித்துவிட்டது.

ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்பவரைப் பார்த்திருப்பீர்கள். வண்டி சட்டென்று முன்னால் பாயும், உடம்பு பின்னால் சாயும், சாய்ந்த உடம்பு கையையும் சேர்த்து இழுக்கும், ஆக்சிலேட்டர் இன்னும் கூடும். அவர் கூட்ட நினைக்கவே இல்லை. 'விடு, விடு' என்று பின்னாலிருந்து கத்தினாலும் கை விடாது. துப்பாக்கியில் இதே சங்கதி இன்னும் சின்ன அளவில், இன்னும் வேகமாக நடக்கிறது.

சரி, இதற்கு வழி கண்டுபிடித்தது யார்?

ஜான் ராபர்ட்சன். 1839இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டனில் துப்பாக்கி செய்பவரின் மகனாகப் பிறந்தவர். மான்செஸ்டரில் விட்வொர்த், பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், லண்டனில் பர்டி என்று பெரிய பட்டறைகளில் வேலை செய்தவர். பிறகு லண்டனில் தனியாகப் பட்டறை வைத்து மற்ற நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுத்தார். 1891இல் பாஸ் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். பாஸ் அப்போது பெயர் பெற்ற, ஆனால் சிறிய நிறுவனம். 1894இல் ராபர்ட்சன் தன் ஒற்றை விசைக்குக் காப்புரிமை வாங்கினார். பாஸ் என்ற பெயர் இன்றுவரை நிற்பதில் அந்தக் காப்புரிமைக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய யோசனையை நான் படித்த நாளிலிருந்து மறக்க முடியவில்லை. மற்றவர்கள் அந்தத் திருட்டு அழுத்தலை எப்படித் தடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட்சன் அதைத் தடுக்கவில்லை, கணக்கில் சேர்த்துக்கொண்டார். வெடிப்பது இரண்டு தடவை என்றாலும் விரல் அழுத்துவது மூன்று தடவை. ஆகவே விசையும் மூன்று அழுத்தலுக்குச் செய்யப்பட வேண்டும். முதல் அழுத்தல் முதல் குழலுக்கு. இரண்டாவது, விரல் தன்னை அறியாமல் அழுத்துவது, எதையும் தொடாமல் வெறுமனே போகும். மூன்றாவது, சுடுபவர் தெரிந்தே அழுத்துவது, இரண்டாவது குழலுக்கு. உள்ளே கடிகார வில் போன்ற ஒரு சுருள்வில்லின் இழுப்பில் சுழலும் சிறிய உருளை இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் விடுதலுக்கும் அது ஒரு படி திரும்பி, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது.

சுடுபவருக்கு இதெல்லாம் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அழுத்தினார், வெடித்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வெடித்தது. நடுவில் ஒன்றைத் துப்பாக்கி அவருக்காக விழுங்கிக்கொண்டது.

ஒரு பாஸ் துப்பாக்கியைக் காலியாக வைத்து அழுத்திப் பார்த்தேன். முதல் தடவை 'டக்'. இரண்டாவது தடவை ஒன்றுமில்லை. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை, சரியாக வேலை செய்கிறது. முந்தைய பதிலைப் பாருங்கள். தோட்டா இல்லாததால் உதை இல்லை, உதை இல்லாததால் விரலின் திருட்டு அழுத்தலும் இல்லை. நீங்கள் அழுத்திய இரண்டாவது அழுத்தலை அது அந்தத் திருட்டு அழுத்தலாக எடுத்துக்கொண்டது. விட்டு மூன்றாவது தடவை அழுத்துங்கள், விழும். போலித் தோட்டா போட்டுச் சோதியுங்கள், காலியாக அடித்தால் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் முனை உடையலாம்.

மூன்று அழுத்தல் முறையைத் தவிர வேறு வழியே இல்லையா?

உண்டு. ராபர்ட்சனின் காப்புரிமையைச் சுற்றிப் போக வேண்டிய கட்டாயம் மற்ற எல்லோருக்கும் இருந்ததால் பல வழிகள் பிறந்தன. அவற்றை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதல் குடும்பம், நேரத்தைக் கடத்துவது. முதல் குழல் வெடித்ததும் விசை இரண்டாவது கொக்கிக்குப் போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டால், திருட்டு அழுத்தல் வந்து போகும்வரை விசைக்கு எதனோடும் தொடர்பு இருக்காது.

இரண்டாவது குடும்பம், உதையையே வேலைக்கு வைப்பது. ஓடும் பேருந்தில் டிரைவர் பிரேக் போட்டால் நிற்பவர் முன்னால் போய் விழுவார் அல்லவா? அதுபோல, துப்பாக்கி பின்னால் பாயும்போது உள்ளே தளர்வாகத் தொங்கும் ஓர் எடைக்கட்டி பின்தங்கும். அந்த நகர்வைக் கொண்டு விசையை இரண்டாவது கொக்கிக்கு மாற்றலாம். இதே எடைக்கட்டியை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாற்றுவதை வில்லே செய்யும், உதை நடக்கும் நேரத்தில் மட்டும் எடைக்கட்டி குறுக்கே வந்து தடுத்து நிற்கும். இந்த இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றல்ல. எங்கே வேறுபடும் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முதல் தோட்டா நமுத்துப்போய் வெடிக்காவிட்டால் என்ன ஆகும்? ரெண்டாவது குழல் வேலை செய்யுமா?

இது நல்ல கேள்வி. விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் தாங்களாகச் சொல்வதில்லை. தோட்டா வெடிக்கவில்லை என்றால் உதை இல்லை. உதையை நம்பி மாறும் விசை மாறாமலே நிற்கும். எத்தனை தடவை அழுத்தினாலும், ஏற்கெனவே விழுந்துவிட்ட சுத்தியலிடமே போய்க் கேட்டுக்கொண்டிருக்கும். சில துப்பாக்கிகளில் குழல் தேர்வுப் பொத்தானைக் கையால் மாற்றிச் சமாளிக்கலாம். வில்லே மாற்றும் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று அழுத்தல் முறையில் இன்னும் ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் முடிந்தது.

காலியாகச் சோதிக்கும்போதும் இதே வித்தியாசம் தெரியும். உதையை நம்பும் துப்பாக்கியில் இரண்டாவது சுத்தியல் விழ வேண்டுமென்றால் கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். தெரியாதவர்கள் 'ஒரு பக்கம் வேலை செய்யவில்லை' என்று நல்ல துப்பாக்கியைக் கழித்துக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு: வெடிக்காத தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். எந்தத் துப்பாக்கியானாலும் குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டிப் பிடித்து, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

'செலக்டிவ்', 'நான்-செலக்டிவ்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது என்ன?

எந்தக் குழல் முதலில் என்பதைச் சுடுபவர் தேர்ந்தெடுக்க முடிந்தால் செலக்டிவ். எப்போதும் ஒரே வரிசைதான் என்றால் நான்-செலக்டிவ். இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு குழலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வலக் குழலின் வாய் பெரும்பாலும் கொஞ்சம் விரிந்திருக்கும், ரவை அகலமாகப் பரவும், கிட்டத்துக்கு நல்லது. இடக் குழலின் வாய் இறுகியிருக்கும், ரவை சேர்ந்தே போகும், தூரத்துக்கு நல்லது.

எழும்பி விலகிப் பறக்கும் பறவைக்கு முதலில் கிட்டம், பிறகு தூரம். வரிசை சரி. எதிரே வரும் பறவைக்கு முதலில் தூரம், பிறகு கிட்டம். இரண்டு விசை இருந்தால் பின்விசையை முதலில் அழுத்தினால் போதும், யோசிக்கவே வேண்டாம். தேர்வு இல்லாத ஒற்றை விசையில் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பொத்தான் வைத்த விசையில் சுதந்திரம் உண்டுதான், ஆனால் பறவை வந்துகொண்டிருக்கும்போது யார் பொத்தானைத் தேடுவது? இந்த ஒரு விஷயத்தில் இரட்டை விசையை எதுவும் வெல்லவில்லை என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் இதைச் செய்தவர்கள் யார்?

இங்கிலாந்தில் ஒற்றை விசை பணக்காரரின் விருப்பமாக இருந்தது. அமெரிக்காவில் அது கடை வியாபாரமாக ஆனது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரைச் சேர்ந்த ஆலன் லார்ட் வடிவமைத்த விசையை, எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளைச் செய்துவந்த ஹண்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் 1904இல் 'ஹண்டர் ஒன்-ட்ரிக்கர்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜ் ஊரில் துப்பாக்கி வேலை செய்துவந்த ஜோசப் காட்ஸ்கியின் விசையை ஏ.எச். ஃபாக்ஸ் நிறுவனம் 1914 முதல் 'ஃபாக்ஸ்-காட்ஸ்கி' என்று விற்றது. கனெக்டிகட்டின் மெரிடன் ஊரிலிருந்த பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1922இல்தான் தன் சொந்த ஒற்றை விசைக்கு வந்தது. பென்சில்வேனியாவின் மில்லர்ஸ்பர்க்கில் எல்மர் மில்லர் செய்த விசை, ஏற்கெனவே இருக்கும் துப்பாக்கிகளில் பொருத்துவதற்கு என்றே பெயர் வாங்கியது.

1920களில் ஸ்கீட் என்ற களிமண் தட்டு சுடும் விளையாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றி நாடெங்கும் பரவியது. அதில் இரண்டு தட்டுகள் எதிரெதிராக ஒரே நேரத்தில் பறக்கும் கட்டம் உண்டு. அதை ஆடியவர்களுக்கு ஒற்றை விசை பிடித்துப்போனது. 1930களின் தொடக்கத்தில் வந்த வின்செஸ்டர் 21 துப்பாக்கியில், குழலைத் தேர்ந்தெடுக்கும் சின்னப் பொத்தானை விசையிலேயே வைத்தார்கள்.

பிரவுனிங் துப்பாக்கி ஒன்றில் இரண்டு விசை இருக்கிறது. ஆனால் எதை அழுத்தினாலும் இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடிக்கிறது. அது எப்படி?

அது 'ட்வின் சிங்கிள்', நான் பார்த்ததில் மிக அழகான யோசனைகளில் ஒன்று. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் கடைசியாக வடிவமைத்தது குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த 'சூப்பர்போஸ்ட்' துப்பாக்கி. அதன் வேலை முழுதும் முடியும் முன்பே 1926 நவம்பர் 26 அன்று பெல்ஜியத்தில் உள்ள எஃப்.என். துப்பாக்கித் தொழிற்சாலையில் அவர் இறந்துபோனார். துப்பாக்கி 1931இல் விற்பனைக்கு வந்தது. அதற்கான ஒற்றை விசை வேலையைத் தொடர்ந்தவர் அவருடைய மகன் வால் பிரவுனிங்.

ட்வின் சிங்கிளில் முன்விசையை இரண்டு தடவை அழுத்தினால் முதலில் கீழ்க் குழல், பிறகு மேல் குழல். பின்விசையை இரண்டு தடவை அழுத்தினால் வரிசை தலைகீழ். மேலே செலக்டிவ் பற்றிச் சொன்ன குறைக்கு இது நேர்ப் பதில். பொத்தானைத் தேட வேண்டாம், விரலை நகர்த்தவும் வேண்டாம். ஆனால் செய்வது கடினம், செலவும் அதிகம். பாதுகாப்புப் பொத்தானையே பக்கவாட்டில் தள்ளிக் குழலைத் தேர்ந்தெடுக்கும் எளிய ஒற்றை விசை வந்ததும், இதைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

பெரிய பெரிய வேட்டைக்காரர்கள் எல்லாம் ஒற்றை விசைக்கு மாறிவிட்டார்களா?

இல்லை. இங்கிலாந்தின் மிகச் சிறந்த சுடுநர் என்று பேர் வாங்கிய ரிப்பன் பிரபு கடைசிவரை வெளியே சுத்தியல் உள்ள பர்டி துப்பாக்கிகளையே வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் இரண்டு விசை. சென்னை ரிப்பன் கட்டடத்துக்குப் பெயர் தந்த வைஸ்ராய் ரிப்பனின் மகன் இவர். 1923 செப்டம்பரில் வேட்டைக்களத்திலேயே விழுந்து இறந்தார். அவர் வாழ்நாளில் சுட்ட உயிர்களின் கணக்கு 5,56,813 என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவையும் விரலை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் சுட்டிருக்கிறார். ஒற்றை விசை வேகம் என்ற விளம்பரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வரும். பழகிய கைக்கு வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

யானை, காட்டெருமைக்கான இரட்டைக் குழல் ரைஃபிள்களில் ஏன் பெரும்பாலும் இரண்டு விசையே இருக்கிறது?

ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் தனியாக நிற்கும் என்பதால். இரட்டை விசை ரைஃபிள் என்பது ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கிகள். நமுத்த தோட்டாவைப் பற்றி மேலே சொன்னதைப் பாய்ந்து வரும் காட்டெருமையின் முன்னால் நிறுத்திப் பாருங்கள், காரணம் புரியும்.

எங்க துப்பாக்கியில ரெண்டு ட்ரிக்கர்தான். அதுலயும் ஒரு தடவை ரெண்டு குழலும் சேர்ந்து வெடிச்சுதே, ஏன்?

இதையும் விரலின் திருட்டு அழுத்தலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரட்டை விசையில் இது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, முன்விசையை அழுத்திய விரல் உதையில் வழுக்கிப் பின்விசையில் போய்ப் படுவது. இன்னொன்று ஆபத்தானது: இடக் குழலின் கொக்கி தேய்ந்து, வலக் குழல் வெடித்த அதிர்ச்சியிலேயே தானாக நழுவுவது. உயர்ந்த ரகத் துப்பாக்கிகளில் இதற்காகவே இன்னொரு காவல் கொக்கி வைத்திருப்பார்கள். விசையை அழுத்தாமல் சுத்தியல் விழுந்தால் அது நடுவழியில் பிடித்துக்கொள்ளும்.

முதல் வழி என்றால் பழக்கத்தைத் திருத்தினால் போதும். இரண்டாவது என்றால், சரிபார்த்து வாங்கும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டாவே போடாதீர்கள். எது என்று தெரியாவிட்டால் இரண்டாவதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை விசை முதலிலிருந்தே இருந்ததா, பிறகு மாற்றியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழே விசைக்காப்பு வளையத்துக்குள் பாருங்கள். விசை வெளியே வரும் தகட்டில் இரண்டு பிளவு இருந்து ஒன்று அடைக்கப்பட்டிருந்தால், அது மாற்றியது. விசை வளையத்தின் நடுவில் நிற்காமல் முன்னாலோ பின்னாலோ ஒதுங்கி நின்றாலும் சந்தேகப்படலாம். தொழிற்சாலைப் பதிவேடுகள் கிடைக்கும் நிறுவனங்கள் என்றால் வரிசை எண்ணை வைத்துக் கேட்கலாம், அதுதான் உறுதி.

மாற்றியது எல்லாமே மோசம் என்றில்லை. ஆனால் 1895 முதல் 1910 வரை பேர் தெரியாத பட்டறைகள் அவசரத்தில் செய்த விசைகள் பல இன்று சரிப்படுத்த ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்த நுணுக்கத்தைப் படித்தறிந்து பழுதுபார்ப்பவர்கள் அருகிவிட்டார்கள். எண்ணெயை ஊற்றி ஊற்றியே பலர் கெடுத்துவிடுகிறார்கள். பழைய எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆனால், நகர வேண்டிய எடைக்கட்டியும் உருளையும் மந்தமாகிவிடும். அப்போது மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேலை செய்யாது.

தாத்தா காலத்து டி.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல்) துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, ரெண்டு ட்ரிக்கர். ஒண்ணா மாத்திக்கலாமா?

வேண்டாம் என்பேன். முதலில் சட்டம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும்கூட அதற்கென உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துச் செய்வது குற்றம். தாத்தாவின் பெயரில் இருந்த உரிமம் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே பாருங்கள்.

அடுத்தது துப்பாக்கி. அது 3 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அதன் முன்விசையை அழுத்த ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை பலம் வேண்டும், பின்விசைக்குக் கொஞ்சம் கூட. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு எளிய அமைப்புகள். அதனால்தான் தாத்தா காலத்திலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்து ராபர்ட்சன் மூன்று அழுத்தலாக எண்ணிச் செய்ததை நாமும் செய்யப்போனால், பட்டறையில் நூறு தடவை சரியாக விழும். தோட்டா போட்ட அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.